எல்லா இனத்தின் பெயரையும் கேட்டுவைத்த அண்ணனுக்கு

என் பிரியமான மாணிக்கண்ணே,

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே சரியாகப் பேசாத தங்கச்சி, இப்போது கடுதாசி எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு. இந்தக் குளிர்காலத்தில் உன்னுடைய நோரா டீச்சர் ரங்கூன் வந்திருந்தார். வந்தவர் நம் இரண்டு பேரைப் பற்றிய ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டிய ஆள் நீ ஒருவன்தான். நீயோ கேட்க இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நாங்கள் இன்னும் தாமுவேயில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். போன வருஷத்துப் புயல் கூரையைப் பாதி கொண்டுபோய்விட்டது. உன் மச்சான் கோ தெய்ன் தானே ஏறித் தகடு போட்டார், அவர் போட்ட அழகுக்கு மழை பெய்தால் சமையலறையில் மட்டும் ஒழுகுகிறது. நான் சந்தையில் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறேன். பசுந்தாங்கில் நீ வேலை பார்த்த தங்கும் விடுதி இப்போது இல்லை, கீழே கைப்பேசிக் கடையும் மேலே யாரோ குடித்தனமும்.

என் மகள், உன் மருமகள் சூசூவுக்குப் பத்தொன்பது வயது. லைங் தாயாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வெளிநாட்டு மேலாளர் ஆங்கிலத்தில் கத்துவதைத் தையல் பெண்களுக்குப் பர்மியத்தில் சொல்வதுதான் அவள் உத்தியோகம். தொழிற்சாலை பஸ் விடியும்போதே தெருமுனைக்கு வந்துவிடும். தலையைக்கூட ஒழுங்காகப் பின்னாமல் ஓடுவாள். தமிழில் கேட்டால் புரிகிறது, பேசச் சொன்னால் வெட்கம் வந்துவிடுகிறது. நான் ரங்கூன் என்று சொன்னால் அவள் யாங்கோன் என்று திருத்துகிறாள். நீ இருந்திருந்தால் இந்த ஒரு விஷயத்தை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருப்பாய்.

உனக்கு அந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். எண்பத்தெட்டில் கல்லூரியை மூடினார்கள். நீ ஆங்கிலப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். இன்று திறக்கும் நாளை திறக்கும் என்று காத்திருந்து, கடைசியில் அந்த விடுதியில் வரவேற்பு மேஜைக்குப் போய்ச் சேர்ந்தாய். சுற்றுலா வழிகாட்டியாகத்தான் ஆசைப்பட்டாய். அப்பாவின் பிறப்புக் காகிதம் சரியில்லை என்று உனக்கு உரிமம் தரவில்லை. அதைப் பற்றி நீ ஒரு நாளும் புலம்பியதில்லை, சாப்பாட்டில் மட்டும் உப்பில்லை காரமில்லை என்று எரிந்து விழுவாய்.

ஆனால் விடுதிக்கு வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் வைத்திருந்தாய். சாவியைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் பாஷையில் உங்கள் ஜனத்தை நீங்களே எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள்? அவர்கள் சொல்வதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வாய். மறுநாள் காலை அதே பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பாய். ஜப்பான்காரருக்கு நிஹோன்ஜின், பின்லாந்துக்காரருக்குச் சுவோமலைனன். வந்தவர்கள் அசந்துபோவார்கள்.

"எதுக்கண்ணே இந்த வேண்டாத வேலை?" என்று நான் கேட்டேன்.

"இந்த ஊர்ல நம்மள 'கலா'ன்னு மட்டமாக் கூப்பிடுறாங்க. நாம நம்மளை அப்படியா சொல்லிக்கறோம்? அவனவன் வீட்டுல அவனை எப்படிச் சொல்லுவாங்கன்னு கேட்டுட்டுக் கூப்பிடுறதுதான் புள்ளே மரியாதை. அந்த மரியாதைய நமக்கு யாரும் தரலைன்னா, நாம குடுத்துப் பழகுவோமே."

அப்படிப்பட்ட நீ சறுக்கின ஒரே இடம் நோரா டீச்சர். தலை நரைத்த, தனியாக வந்த பெண்மணி. ஆங்கிலம் பேசினார், நீ அவசரத்தில் கேட்கக்கூடச் செய்யாமல், "இங்கிலீஷ்காரங்களா, வாங்க" என்று வரவேற்றுவிட்டாய். அந்த அம்மாவின் முகம் போன போக்கை நீ அன்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாய். நம்மைப் பார்த்து ஒருவன் கலா என்று கூப்பிட்டால் நம் முகம் போகுமே, அதே மாதிரி என்றாய். அவர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் பள்ளிக்கூட டீச்சர். வீட்டில் ஐரிஷ் மொழி பேசி வளர்ந்தவர். கோபித்துக்கொண்டு வேறு விடுதிக்குப் போகாமல், உன் பேனாவை வாங்கி உன் கையிலேயே எழுதினார்: ஏரனஹ்.

அவ்வளவுதான், என் அண்ணன் தொலைந்தான்.

டீச்சர் தங்கியிருந்த இரண்டு வாரமும் நீ அந்த மொழியோடுதான் எங்கள் வீட்டுப் படி ஏறினாய். எனக்குக் கறி நறுக்குகிற வேலை இருக்கும், உனக்கு இலக்கணம் சொல்கிற வேலை இருக்கும். நாட்டின் பெயருக்கு 'அஹ்' என்று ஒரு வால் ஒட்டினால் அந்த நாட்டு ஆள் வந்துவிடுவாராம். அயர்லாந்துக்காரர் ஏரனஹ், இங்கிலாந்துக்காரர் ஸஸனஹ், ஸ்காட்லாந்துக்காரர் அலபனஹ். பல பேர் என்றால் அந்த வால் 'ஈ' என்று மாறும், ஏரனீ, ஸஸனீ. மொழிக்கு வேறு வால், 'இஷ்'. ஆளைச் சொல்கிற அதே சொல்தான் அந்த ஆளுடைய பொருளுக்கும். அயர்லாந்துக்காரரும் ஏரனஹ், அவர் சுடுகிற ரொட்டியும் ஏரனஹ்.

"மனுசனுக்கும் ரொட்டிக்கும் ஒரே சொல்லு. எவ்வளவு நல்லா இருக்கு பாரு," என்றாய்.

"அப்ப என் கருவாட்டுக் குழம்பு என்ன இனம்னு உன் டீச்சரைக் கேளு," என்றேன்.

நீ நிஜமாகவே கேட்கலாம் என்று டீச்சரைச் சாப்பாட்டுக்கே கூட்டிவந்துவிட்டாய். அந்த நாளை நான் மறக்கவில்லை. கோ தெய்ன், அவருடைய அம்மா, நான், நீ, டீச்சர், மடியில் சின்ன சூசூ. மாமியாரை நானும் மே மே என்றுதான் கூப்பிடுவேன், பர்மியத்தில் அம்மா என்று அர்த்தம். நீ டீச்சர் சொல்வதைத் தமிழில் எனக்கும் பர்மியத்தில் அவர்களுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாய், உன் சோறு ஆறிப்போயிற்று.

தமிழருக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று டீச்சருக்குத் தெரியவில்லை. உலகத்தில் உள்ள எல்லாருக்கும் பெயர் வைத்திருக்கும் மொழி நம்மை விட்டுவிட்டதே என்று உனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் கொஞ்சம் யோசித்து, வழக்கப்படி வாலை ஒட்டி, டமலஹ் என்று ஒன்றைச் செய்து கொடுத்தார். அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாய். அப்புறம் அவர், பெண்ணைச் சொல்லும்போது தனிச்சொல் கிடையாது, முன்னால் 'பன்' என்று பெண்ணுக்கான சொல்லை வைத்தால் அடுத்த சொல்லின் முதல் எழுத்து கரைந்துபோகும் என்றார். ஸஸனஹ் என்பது ஹஸனஹ் ஆகும். பர்மாக்காரரைச் சொல்கிற புர்மஹ் என்பது வுர்மஹ் ஆகும்.

"பொம்பளைன்னா முன்பல்லைப் புடுங்கிட்டுத்தான் விடுவாங்களா உங்க ஊர்ல?" என்று நான் கேட்டேன். நீ அதைச் சொன்னதும் டீச்சர் தண்ணீர் புரையேறச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் நீ என்னைக் கை காட்டி, "அப்ப இவ பன் வுர்மஹ்," என்றாய். பர்மாக்காரி. கோ தெய்னைக் கட்டிக்கொண்டவள், பர்மியப் பெண்கள் மாதிரி முகத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசுகிறவள், மே மேயோடு மடத்துக்குப் போகிறவள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அண்ணன் தங்கச்சியைக் கேலி செய்யாமல் வேறு யாரைச் செய்வான்?

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னாய். ஒருவர் இன்னார் என்று சொல்ல அவர்களுக்கு 'இஸ்' என்று ஒரு சொல், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்ல 'தா' என்று ஒரு சொல். பசிக்கும் தூக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் தா. இன்ன ஜனத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு இஸ். அப்புறம் பல நாள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், "புள்ளே, இந்தக் கோவம் இஸ்ஸா, தாவா?" என்று கேட்பாய். டீச்சர் ஊரில் வேல்ஸ்காரர் என்றே குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள் ஏராளமாம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்களின் பிள்ளைகள். பெயர் மட்டும் பழைய நாட்டுப் பெயர், ஆட்கள் அசல் உள்ளூர்க்காரர்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. அதைக் கேட்டு நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! நமக்கும் அப்படி ஒரு காலம் வரும் என்றாய்.

அதெல்லாம் நல்ல வருஷங்கள். அடுத்தது நீயும் நானும் பேசாமலே விட்ட வருஷம்.

சூசூவுக்கு ஒன்பது வயதில் காது குத்தினோம். பர்மியர்கள் வீட்டில் பையன்களைச் சிறு துறவியாக்கும் சடங்கோடு பெண் பிள்ளைகளுக்கு இளவரசி வேஷம் போட்டுக் காது குத்துவார்கள் அல்லவா. கோ தெய்னின் அண்ணன் மகனுக்கு அந்தச் சடங்கு வந்தது, அதோடு சூசூவுக்கும் என்று மே மே முடிவு செய்தார். எனக்கு ஒரே ஒரு ஆசை. என் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டும். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது நீ மட்டும்தான். பயந்துகொண்டேதான் மே மேயிடம் கேட்டேன். "பிள்ளைக்கு மாமா என்றால் மாமா மடிதான். ஒரு நாற்காலி போட்டுவிடலாம்," என்றார். நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அன்றே விடுதிக்கு ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். "சனிக்கிழமை காலைல அண்ணே, தாமுவேல பெரிய தெரு மண்டபம். நேரத்தோட வந்துரு." நீ மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டாய். "என் மடியிலயா? அவங்க சம்மதிச்சாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த வெளிநாட்டுக்காரருக்குத் தப்பான சாவியைக் கொடுத்தாய்.

சனிக்கிழமை காலை நாற்காலி போட்டிருந்தது. அதன் மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. சூசூ கிரீடத்தோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சடங்கு நடத்துகிற ஆசான் ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மே மே எனக்காகக் கொஞ்சம் தாமதிக்கச் சொன்னார். நல்ல நேரம் போய்விடும் என்று ஆசான் தங்க ஊசியை எடுத்தார். கடைசியில் மே மேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். சூசூ அழுதது ஊசிக்காகவா என்று எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து, பந்தியும் பாதி ஆனபிறகு நீ வந்தாயாம். நான் உள்ளே பிக்குகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். சீர்த்தட்டை மே மே கையில் கொடுத்துவிட்டு, உட்காரக்கூட மாட்டேன் என்று போய்விட்டாயாம். பட்டுப் பாவாடை, வளையல், தேங்காய், பழம், ஒரு ஜோடித் தோடு. எல்லாம் ஒழுங்காக இருந்தது, நீ மட்டும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வேன்? மாமியார் வீட்டில் போராடி உனக்கு ஒரு நாற்காலி வாங்கினேன், நீ அதில் உட்கார விரும்பவில்லை என்று நினைத்தேன். பௌத்தச் சடங்கில் போய் நான் உட்காருவதா என்று நினைத்துவிட்டான், வேண்டுமென்றே நேரம் கடத்தி வந்திருக்கிறான், ஊருக்காகத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். பன் வுர்மஹ் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு வலித்தது. அன்றைக்குக் கேலி என்று நினைத்தோமே, அவன் மனசில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறான் என்று தோன்றியது.

நீயும் மாறிப்போனாய். தீபாவளிக்கு வந்தாய், வாசல் பக்கம் உட்கார்ந்தாய். என்னைப் பார்த்து "நே கௌங் லா" என்று பர்மியத்தில் சுகம் விசாரித்தாய். என் அண்ணன் என்னிடம்! சின்ன வயசிலிருந்து நமக்குள் தமிழைத் தவிர வேறு பேசியிருக்கிறோமா? எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் பர்மியத்திலேயே பதில் சொன்னேன். அப்புறம் எப்போது வந்தாலும் அப்படித்தான். இரண்டு தமிழர்கள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டோம். கோ தெய்னுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்குள் என்ன?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன்.

இரண்டே வருஷம். விடுதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று ஆள் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள். கோ தெய்ன்தான் உனக்குக் கொள்ளி வைத்தார். உனக்கு வேறு யார் இருந்தார்கள்? நான் உன்னோடு கடைசியாகப் பேசியது என்ன என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். மழை வருகிறது, குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்று பர்மியத்தில் சொல்லியிருக்கிறேன். 'போங்கள்' என்று. உன்னிடம் மரியாதையாகப் பேசியிருக்கிறேன், பாவி.

இனி நோரா டீச்சர் வந்த கதை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். உடம்பு சரியில்லாமல் பல வருஷம் பயணம் செய்யவில்லையாம். பசுந்தாங்கில் விடுதியைத் தேடி, கைப்பேசிக் கடைக்காரர் சொல்லி, கையில் கோலோடு தாமுவே வரைக்கும் வந்துவிட்டார். வாசலில் நின்று உன் பெயரைத்தான் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் புரிந்துகொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சூசூ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டீச்சரின் ஆங்கிலம் எனக்கு எட்டாது. சூசூ நடுவில் உட்கார்ந்தாள். தொழிற்சாலையில் பழகிய பழக்கம், யார் பேசினாலும் அவள் 'நான்' என்றுதான் சொல்வாள். அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் என்று இழுத்தால் தையல் பெண்கள் காதில் வாங்க மாட்டார்களாம். டீச்சர் அவளை உற்றுப் பார்த்து, காது குத்திய பிள்ளை நீதானா என்று கேட்டார். சூசூ தோட்டைத் தொட்டுக்கொண்டு ஆமாம் என்றாள். அந்த வருஷக் குளிரில் தான் வந்திருந்ததாகவும், நீ தன்னிடம் எல்லாவற்றையும் சொன்னதாகவும் டீச்சர் சொன்னார். அப்புறம் நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொல்ல ஆரம்பித்தார். என் மகளும் அப்படியே பர்மியத்தில் சொன்னாள்.

"நான் ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன். மண்டபத்துக்கு நேர் எதிரே டீக்கடை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன்."

எனக்கு விளங்கவில்லை. வந்துவிட்டாயா? எதிரிலேயா?

"உள்ளே மேளம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன். கடைக்காரர், சடங்கு ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறதே என்றார். இன்னும் இருக்காது என்றேன். இப்போது ராகு காலம், சீர்த்தட்டோடு படி ஏறக் கூடாது. பத்தரைக்கு முன்னால் பிள்ளை காதில் ஊசி பட என் தங்கச்சி விடமாட்டாள் என்றேன்."

டீச்சர் அந்த இரண்டு சொல்லை மட்டும் நீ சொன்னபடியே தமிழில் சொன்னார். ராகு காலம், தங்கச்சி. சூசூ நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, வெட்கத்தையும் மறந்து தமிழில் கேட்டாள்: "அம்மா, ராகு காலம்னா என்ன?"

அண்ணே, நானே அதை மறந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அந்த வீட்டில் ஜோசியர் சொல்வதுதான் நேரம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை என்று அம்மா நம் இருவருக்கும் சொல்லிக் கொடுத்தது என் மண்டையிலிருந்து எப்போது போனது? நான் உன்னிடம் சனிக்கிழமை காலை என்று சொன்னபோதே உனக்கு அது தானாகப் பத்தரைக்கு மேல் என்று கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் என் மகளுக்கு ராகு காலம் என்றால் என்ன என்று எடுத்துச் சொன்னது அயர்லாந்திலிருந்து வந்த டீச்சர். நீ அவருக்குச் சொல்லியிருக்கிறாய்.

சூசூ விட்ட இடத்திலிருந்து சொன்னாள், குரல் மட்டும் தாழ்ந்துவிட்டது.

"பத்தரை ஆனதும் எழுந்து போனேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை காதில் நூல் தெரிந்தது. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, அவர்களுக்கு அவர்கள் நேரம். தங்கச்சி மறந்துவிட்டாள், அவ்வளவுதான். ஏன் மறந்தாய் என்று கேட்டால் அவள் உடைந்துபோவாள். அந்த வீட்டில் அவள் நன்றாக இருக்கிறாள், நான் போய் நடுவில் நிற்கக் கூடாது. இனி அவளிடம் அவர்கள் பேச்சிலேயே பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்."

பர்மியத்தில் 'நான்', 'நான்' என்று என் மகள் வாயிலிருந்து நீ பேசிக்கொண்டிருந்தாய். சூசூ முடித்துவிட்டு டீச்சரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "மாமா எனக்காக வந்து உட்கார்ந்திருந்தாரா?" என்று அவளுக்கே அவள் கேட்டுக்கொண்டாள். தெருவைக் கடந்தால் வந்துவிடுகிற தூரம். யாரையாவது வாசலுக்கு அனுப்பி, மாணிக்கம் கண்ணில் படுகிறானா பார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? ஒரு ஆளுக்குக்கூட அது தோன்றவில்லையே.

இத்தனை வருஷம் என் அண்ணன் என்னைத் தள்ளிவைத்துவிட்டான் என்று மனசுக்குள் வைத்து வைத்துப் புழுங்கினேன். நீயோ என்னை நம் வீட்டுப் பெண் என்று நம்பினதால்தான் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறாய். கொஞ்சம் குறைவாக நம்பியிருந்தால் எழுந்து உள்ளே வந்திருப்பாய். பிள்ளை உன் மடியில் உட்கார்ந்திருப்பாள். நாம் தமிழிலேயே சண்டை போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்போம். ஏன் அண்ணே என்னை அவ்வளவு நம்பினாய்? ஏன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டவில்லை?

டீச்சர் போகிற அன்று சூசூ விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனாள். உங்கள் மொழியில் நான் என்ன இனம் என்று கேட்டாளாம். நீ யார் என்று நீ முதலில் சொல், நான் வாலை ஒட்டித் தருகிறேன் என்றாராம் டீச்சர். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் அவசரப்படுத்தவில்லை.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. சூசூவைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் அதே தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன், நல்ல பிள்ளை, மே மேக்கும் பிடித்துவிட்டது. அவர்கள் ஜோசியரிடம் போய் நேரம் குறித்து வருவார்கள். நான் நம் பஞ்சாங்கத்தையும் பார்ப்பேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஒத்துவரும் நாள் வரை காத்திருப்போம் என்று மே மேயிடம் சொல்லிவிட்டேன். "உன் அண்ணனுக்காகவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்றார்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். அன்றைக்கு எந்த நேரம் வந்தாலும், யார் அவசரப்படுத்தினாலும், கட்டின பட்டுச்சேலையோடு நானே தெருவில் இறங்கி எதிர்ப்பக்கம் போவேன். அங்கே இருக்கிற டீக்கடையில் ஒவ்வொரு மேஜையாகப் பார்ப்பேன். நம்மவர் யாரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வந்து, ஆரம்பியுங்கள் என்று சொல்வேன்.

உன்னோடு கூடப்பிறந்த
ஒரே தங்கச்சி,
செல்வி